கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) இல்லாத கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் தேடுகிறவர்களுக்கு

இந்த மாதம் என்னிடம் வந்த மூன்றாவது ஆள் இவர். அடையாளம் கேட்காத எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் காயினைப் போட்டிருக்கிறார். எடுக்கப் போனபோது பாஸ்போர்ட்டும் பணம் வந்த வழிக்கான ஆதாரமும் கேட்டிருக்கிறார்கள். அனுப்பிவிட்டார். அதோடு பேச்சே இல்லை. கிரிப்டோ பரிவர்த்தனைகளின் தடம் பார்ப்பது என் தொழில். காயின் எந்த முகவரியில் நிற்கிறது என்று அவருக்குக் காட்ட முடிந்தது, மீட்டுத் தர முடியவில்லை.

மூவருமே ஏதோ ஒரு ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் சேர்ந்திருக்கிறார்கள். கட்டணம், ஒரு நாள் வித்டிராயல் லிமிட், எத்தனை வகைக் காயின் என்றுதான் அதில் இருக்கும். இணைப்பைத் தொட்டு நீங்கள் சேர்ந்தால் எழுதியவருக்குக் கமிஷன் போவதும் உண்டு. தயவுசெய்து வேறு இரண்டு விஷயங்களை ஒப்பிடுங்கள்: காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவி யாரிடம் இருக்கிறது? உங்கள் வித்டிராயலை நிறுத்தி வைக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

எக்ஸ்சேஞ்சின் விதிமுறைகளைத் திறந்து படியுங்கள். "எந்த நேரத்திலும் ஆவணம் கேட்கலாம்" என்ற வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். பிட்மெக்ஸ் 2020-லும், பைனான்ஸ் 2021-லும், கூகாயின் 2023-லும் என்று பெரிய எக்ஸ்சேஞ்சுகளே அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. அடையாளம் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்த பி.டி.சி.-இ என்ற எக்ஸ்சேஞ்ச் 2017 ஜூலையில் அமெரிக்க அதிகாரிகளால் முடக்கப்பட்டது. அங்கே காயின் வைத்திருந்தவர்கள் அதை எடுக்க முடியாமல் வெளியே நின்றார்கள்.

"ஐ.டி. கொடுக்கவில்லை, அதனால் நான் யாரென்று தெரியாது" என்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்த நம்பிக்கை மட்டும் மாறுவதில்லை. பிட்காயினின் ஒவ்வொரு பரிவர்த்தனையும் எல்லோரும் பார்க்கும்படி, அழிக்க முடியாதபடி பதிவாகிறது. காயினை முதலில் எங்கே வாங்கினீர்கள்? வங்கிக் கணக்கைக் காட்டி ஒரு எக்ஸ்சேஞ்சில்தானே? அங்கே உங்கள் பெயர் இருக்கிறது. அங்கிருந்து அடுத்த முகவரிக்கு அனுப்பியதும் பதிவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. 2016-இல் பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து 1,19,754 பிட்காயின் திருடு போனது. 2022 பிப்ரவரியில் அதில் 94,000-க்கும் மேல் அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினார்கள். ஐந்தரை வருடம் ஆகியும் தடம் அப்படியே இருந்தது.

சரி, ஆவணம் கசிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம்தான். அப்படியென்றால் சாவி உங்களிடமே இருக்கும் வழிக்குப் போங்கள். யூனிஸ்வாப் போன்ற டெக்ஸில் (நடுவில் நிறுவனம் காயினை வைத்திருக்காமல், நிரல் வழியாக மாற்றிக்கொள்ளும் இடம்) கணக்கே தேவையில்லை. ஆனால் போலி டோக்கன்கள் நிறைய; டோக்கனின் காண்ட்ராக்ட் முகவரியைச் (அதை இயக்கும் நிரலின் முகவரி) சரிபார்க்காமல் தொடாதீர்கள், உங்கள் காயினை எடுத்துக்கொள்ள அளவில்லாத அப்ரூவல் (அனுமதி) கொடுக்காதீர்கள். பிஸ்க் போன்ற, ஆளுக்கு ஆள் நேரடிப் பரிமாற்றத்தில் பரிமாற்றம் முடியும்வரை காயின் பூட்டப்பட்டிருக்கும், ஆனால் வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் எதிராளிக்கு உங்கள் பெயர் தெரியும். வருவது திருட்டுப் பணமாக இருந்தால் உங்கள் கணக்கும் முடங்கலாம். ஒரு காயினைக் கொடுத்து உடனே வேறு காயின் வாங்கும் உடனடி மாற்று தளங்களில் காயின் சில நிமிடம்தான் அவர்கள் கையில் இருக்கும். அந்தச் சில நிமிடத்தில் சந்தேகம் வந்தால் அங்கேயும் நிறுத்திவிடுவார்கள்.

எதுவானாலும் முதலில் சிறு தொகையைப் போட்டு, முழுதாக வெளியே எடுத்துப் பாருங்கள். அப்புறமும் சேமிப்பை அங்கே விட்டு வைக்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? பரிவர்த்தனை எண், முகவரி, அவர்களோடு பேசிய உரையாடல் எல்லாவற்றையும் இன்றே சேமியுங்கள், சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். முன்பணம் கொடுத்தால் மீட்டுத் தருவதாக யாராவது வருவார்கள். ஒரு காசும் கொடுக்காதீர்கள், உங்கள் வாலெட்டைத் திறக்கும் சீட் வார்த்தைகளை யாரிடமும் சொல்லாதீர்கள்.