பழைய வால்வு ரேடியோ: பிளக்கில் சொருகும் முன் மாற்ற வேண்டிய கண்டென்சர்

பரணிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோவை, பாடுகிறதா என்று பார்க்க நேராக பிளக்கில் சொருகிவிடாதீர்கள். வால்வுகள், அதாவது உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய்கள், நன்றாகவே இருக்கலாம். அவற்றைக் கொல்லப்போவது கெட்டுப்போன கண்டென்சர்கள் (கெப்பாசிட்டர்கள்).

முதலில் பார்க்க வேண்டியது, ஸ்பீக்கரை இயக்கும் இஎல்84 போன்ற அவுட்புட் வால்வின் கிரிட்டில் (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) சேரும் 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்சர். முந்தைய வால்விலிருந்து வரும் ஒலி அலையை அது கடத்த வேண்டும். அங்குள்ள டிசி மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் மெழுகு தோய்த்த காகிதத்தில் செய்தார்கள். காகிதம் ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி டிசியைக் கசியவிடும். ஒரே ஒரு மைக்ரோஆம்பியர் கசிந்தால் போதும், கிரிட்டிலுள்ள 10 லட்சம் ஓம் ரெசிஸ்டரில் ஒரு வோல்ட் ஏறிவிடும். இஎல்84-இன் கிரிட், எலக்ட்ரான்களை வெளியிடும் கேத்தோடைவிட ஏழு வோல்ட் அளவுக்குக் கீழே இருக்க வேண்டியது. கசிவு கூடக்கூட வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும்; கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். மல்டிமீட்டரில் சோதித்தால் இது தெரியாது, அது கொடுப்பது சில வோல்ட்தான். சந்தேகமே வேண்டாம்: 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய எலக்ட்ரோலைட்டிக். அதில் காப்பாக இருப்பது அலுமினியத் தகட்டின் மேல் வளர்த்த ஆக்சைடு படலம். வோல்ட்டுக்கு ஒன்றரை நானோமீட்டர் அளவு தடிமன்தான். பயன்படுத்தாமல் கிடந்தால் படலம் நலியும், உள்ளே திரவம் காயும். 'ம்ம்ம்' என்ற இரைச்சல் அதன் அறிகுறி. 32 மைக்ரோஃபாரடுக்குப் பதில் 33 போடலாம். பெரிதாக இருந்தால் நல்லது என்று 220 போட்டால் ஒவ்வொரு துடிப்பிலும் பாயும் கரண்ட், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வைக் கெடுத்துவிடும். வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது. பிளஸ், மைனஸ் மாறக் கூடாது.

மைக்கா கண்டென்சர்கள் பெரும்பாலும் கெடுவதில்லை. ரேடியோவின் டியூனிங்கைத் தீர்மானிப்பவை என்பதால் காரணமில்லாமல் தொடாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எலக்ட்ரோலைட்டிக்கில் 300 வோல்ட் நிற்கலாம். கை வைக்கும் முன் ரெசிஸ்டர் வழியே இறக்கி, மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று பாருங்கள்.

மாற்றி முடித்ததும் மெயின்ஸில் 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நேரடியாகக் கொடுக்கலாம். மங்காமலே எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள்.