அந்தக் கோட்ஸ் கோப்பில் இல்லை, திரையில்தான்

இந்த மாதம் இது மூன்றாவது. ஆத்தங்குடியில் கல் பட்டறை வைத்திருப்பவரின் மகன் போன் செய்தார். “அண்ணே, ஃபைலுக்கெல்லாம் கொட்டேஷன் விழுது!” யாரோ தளக்கல்லுக்கு விலை கேட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

விஷயம் வேறு. புது லினக்ஸ் லேப்டாப்பில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையை அடித்தால் 'தாமரை 11.ஜேபிஜி' என்று இருபுறமும் ஒற்றை மேற்கோள் வருகிறது. அதே பென்டிரைவை அவர் அண்ணன் மேக்கில் பார்த்தால் வெறும் பெயர். ஆகவே வைரஸ் என்று முடிவுகட்டி, காரைக்குடிக்குக் கொண்டு வருவதற்குள் வைத்தியமும் பார்த்துவிட்டார்.

வைரஸ் இல்லை ஐயா. பெயரும் மாறவில்லை. எல்எஸ் போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான ஜிஎன்யு கோர்யூட்டில்ஸின் 2016 ஜனவரியில் வந்த 8.25 பதிப்பிலிருந்து, இடைவெளியோ ஷெல்லுக்கு, அதாவது நாம் அடிக்கும் கட்டளைகளைப் படிக்கும் நிரலுக்கு, தனிப்பொருள் தரும் குறியோ உள்ள பெயர்களை எல்எஸ் மேற்கோளுக்குள் காட்டுகிறது. திரைக்கு மட்டும். வெளியீட்டை நேரே திரைக்கு விடாமல் கேட் (cat) என்ற இன்னொரு கட்டளைக்குள் பைப் செய்து (ls | cat) பாருங்கள், மேற்கோள் காணாமல் போகும். டிஸ்க்கில் உள்ள பெயரிலேயே இருந்தால் போகுமா? பெயருக்குள்ளேயே ஒற்றை மேற்கோள் இருந்தால் வெளியே இரட்டை போடும். மேக்கின் எல்எஸ் வேறு குடும்பம், சின்னக் கருவிகளில் இருக்கும் பிஸிபாக்ஸ் தொகுப்பின் எல்எஸ்ஸும் வேறு. அவற்றுக்கு இந்தப் பழக்கமே இல்லை.

எனக்கு இந்த மேற்கோள் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயரின் கடைசியில் ஒளிந்திருக்கும் ஒற்றை இடைவெளியை இதை விட்டால் யார் காட்டிக்கொடுப்பார்கள்?

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு பயமுறுத்தல் உண்டு. சர்வரில் லொக்கேல், அதாவது மொழி-எழுத்து அமைப்பு, ‘சி’ (C) என்று இருந்தால் ‘அ’ என்ற ஒரே எழுத்து ''$'\340\256\205' என்று நிற்கும். எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘அ’வுக்கு மூன்று பைட், அந்த மூன்றும் எட்டடிமான எண்ணில் தெரிகின்றன, அவ்வளவுதான். லொக்கேலை யுடிஎஃப்-8க்கு மாற்றினால் ‘அ’ அ-வாகிவிடும்.

சரி, தம்பி பார்த்த வைத்தியம் என்ன? மேற்கோள் போக வேண்டுமென்று எல்லாப் பெயர்களிலும் இடைவெளியை எடுக்க ஒரு ஸ்கிரிப்ட். ‘தாமரை 11’ என்று ஒரு படம், ‘தாமரை 1 1’ என்று இன்னொன்று. இரண்டுமே ‘தாமரை11’ ஆயின. பெயர் மாற்றும் எம்வி (mv) கட்டளை கேள்வி கேட்காமல் ஒன்றின் மேல் மற்றொன்றைப் போட்டுவிட்டது. அந்த டிசைனில் கல் மிச்சம் இருக்கிறதா என்று இப்போது பட்டறையில் தேடுகிறார்கள்.

மேற்கோள் கண்ணை உறுத்தினால் எல்எஸ்ஸோடு ஹைஃபனும் ஆங்கிலப் பெரிய எழுத்து N-உம் சேருங்கள் (ls -N). நிரந்தரமாக வேண்டுமென்றால் கோட்டிங் ஸ்டைல் (QUOTING_STYLE) என்ற சூழல் மாறிக்கு லிட்டரல் (literal) என்று மதிப்பு கொடுங்கள். திரையில் தெரியும் பெயரை மேற்கோளோடு நகலெடுத்துப் பட்டியல் கோப்பில் ஒட்டாதீர்கள். வரிவரியாகப் படிக்கிற நிரல் அதையும் பெயரின் பகுதியென்று எடுத்துக்கொண்டு, ஃபைலே இல்லை என்று கைவிரிக்கும். ஸ்கிரிப்ட்டுக்கு எல்எஸ் வெளியீடே வேண்டாம், எல்லாப் பெயர்களையும் குறிக்கும் நட்சத்திரக் குறி (*) போதும். பெயர் மாற்றியே தீருவேன் என்றால் நகல் எடுத்துவிட்டு, எம்வியோடு ஹைஃபனும் ஆங்கிலச் சின்ன எழுத்து n-உம் போட்டு (mv -n) ஓட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் அது எழுதாது.

தயவுசெய்து அதற்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள். ராத்திரி பத்து மணியானாலும் எடுப்பேன்.