மியூக்கர்மைகோசிஸ்: ‘கருப்புப் பூஞ்சை’ சரியான பெயரா?

2021 மே மாதம் தமிழக அரசு மியூக்கர்மைகோசிஸ் என்ற பூஞ்சை நோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அன்று பரவிய ‘கருப்புப் பூஞ்சை’ என்ற பெயர் இன்னும் நிற்கிறது. அது பொருத்தமான பெயர் அல்ல.

மியூக்கர் என்றால் லத்தீனில் பூசணம். கிரேக்கத்தில் மைக்கெஸ் என்றால் காளான். 1885இல் பால்டாஃப் என்ற நோயியல் அறிஞர் வைத்த ‘மைகோசிஸ் மியூக்கோரினா’ என்ற பெயரிலிருந்து வந்தது இது.

நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது ரைசோபஸ் என்ற வகை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பலாப்பிஞ்சு சாம்பல் நிறப் பஞ்சு பூத்து அழுகி விழுமே, அதுவும் இந்த ரைசோபஸ் இனத்தின் வேலைதான். பஞ்சின் நுனியில் பொடிப்பொடியாக வித்துகள் இருக்கும். அவற்றை எல்லோரும்தான் சுவாசிக்கிறோம். நோய் வருவது வெகு சிலருக்கே.

ஏன் அந்தச் சிலருக்கு? சுகர் கட்டுமீறி, இன்சுலின் போதாமல் போனால் உடல் கொழுப்பை எரிக்கும். கீட்டோன்கள் சேர்ந்து ரத்தம் அமிலமாகும். சாதாரணமாக டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பை இறுகப் பிடித்து வைத்திருக்கும். அமிலத்தில் அந்தப் பிடி தளர்கிறது. பூஞ்சை ஏங்கிக் கிடப்பதே இரும்புக்குத்தான். அதே நேரம் வித்துகளை விழுங்க வேண்டிய நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் இடத்துக்குப் போய்ச் சேரவும் கொல்லவும் திணறுகின்றன. ரத்தக்குழாயின் உட்சுவரிலோ, பூஞ்சை பற்றிக்கொள்ள வசதியான ஜிஆர்பி78 புரதம் கூடுகிறது. இரை கிடைக்கிறது, காவல் தளர்கிறது, கதவும் திறக்கிறது. கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு சுகரையும் ஏற்றி, எதிர்ப்பையும் தணித்தது.

குழாய்க்குள் புகுந்த பூஞ்சை அதை அடைக்க, ரத்தம் போகாத தசை செத்துக் கறுக்கிறது. அந்தக் கருப்பு பூஞ்சையின் நிறமல்ல, செத்த தசையின் நிறம். கறுத்த பிறகு மருந்து அங்கே போய்ச் சேராது. ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தோடு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். பெயரை நம்பிக் கருப்புக்காகக் காத்திருப்பதுதான் எனக்குப் பயம்.

தமிழில் ‘மியூக்கர் பூஞ்சை நோய்’ என்பதே சரி. ‘பூசண நோய்’ என்றாலும் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும், ஆனால் படர்தாமரையும் அதில் அடங்கிவிடும். சுகர் உள்ளவருக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கினாலோ, மரத்துப்போனாலோ, மேல்பல் ஆடினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே சேலம் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். கூட இருப்பவருக்கு இது தொற்றாது.