ஊராட்சி அலுவலகம் வரை வந்த இணையம்: விசாரணைக் குழுக்களிடம் சேலத்து மக்கள் முறையிடுவது எப்படி?

சேலம் மாவட்டத்தில் 385 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் 9 ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு ஊராட்சிக்கும் கண்ணாடி இழை கேபிள் வழியாக அதிவேக இணையம் கொடுப்பதுதான் பாரத்நெட் திட்டம். அது ஏன் தாமதமாகிறது, இழுத்த கேபிளில் இணையம் ஓடுகிறதா என்று பல அரசு அமைப்புகள் விசாரித்திருக்கின்றன. விசாரணை நடப்பது டெல்லியிலும் சென்னையிலும்தான். ஆனாலும் சேர்வராயன் மலைக் கிராமத்தின் நிலைமையை அவர்கள் கோப்பில் ஏற்ற வழி உண்டு.

முதலில் இதுவரை நடந்தது. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை, தேசிய கண்ணாடி இழை வலையமைப்பு என்ற பெயரில் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. இலக்கு சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள். கெடு தள்ளிக்கொண்டே போனதால் ஜே. சத்யநாராயணா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 2015 மார்ச்சில் அறிக்கை தந்தது. கேபிளை ஒற்றை வரிசையாக இழுக்காமல் வளையமாக அமைக்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. ஒற்றை வரிசையில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் நின்றுபோகும். வளையத்தில் மறுபக்கம் சுற்றி இணைப்பு வந்துவிடும். 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், திட்டத்தை யார் எப்படி நடத்துவது என்று தனியாகப் பரிந்துரை செய்தது. நாடாளுமன்றத்தின் தகவல் தொழில்நுட்ப நிலைக்குழுவும் திட்டத்தின் முன்னேற்றத்தை ஆராய்ந்தது. 2023 ஆகஸ்டில் ரூ.1,39,579 கோடியில் திருத்தப்பட்ட பாரத்நெட் வந்தபோது அதன் மையமே வளைய அமைப்புதான்.

தமிழகத்தில் 12,525 ஊராட்சிகளுக்கான வேலை, மாநில அரசின் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம், அதாவது டான்ஃபிநெட்டிடம் இருக்கிறது. இதன் முதல் டெண்டரின் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. மத்திய தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அதை ஆராய்ந்து, 2020 ஜூனில் டெண்டரை ரத்து செய்து புதிதாக விடச் சொன்னது. ஆவணத்தோடு சரியான இடத்துக்குப் போன புகார் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கிடைத்த சான்று அது.

இனி ஊர் நிலவரம். அரசுக் கணக்கில் ‘சேவைக்குத் தயார்’ என்று ஓர் ஊராட்சி ஏறிவிட்டால், அங்கே கருவி பொருத்தி இணைப்பு கொடுத்தாகிவிட்டது என்று பொருள். பள்ளியிலும் இ-சேவை மையத்திலும் வீடுகளிலும் இணையம் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. விசாரணைக் குழுவுக்குத் துறை கொடுப்பது முதல் கணக்கு. இரண்டாவது கணக்கைக் கொடுக்க வேண்டியது ஊர் மக்கள். கொடுக்காவிட்டால் அறிக்கையில் அது இருக்காது.

ஊராட்சி சேவை மையத்தில் ஒரு ரேக் (கருவிகள் பொருத்தும் அலமாரி), ரவுட்டர், யுபிஎஸ் இருக்கும். போய்ப் பாருங்கள். எந்த விளக்குமே எரியவில்லை என்றால் கோளாறு மின்சாரத்தில். மலையில் மழைக்காலத்தில் மின்தடை நீளும்போது யுபிஎஸ் தாங்காது. விளக்குகள் எரிந்தும் இணையம் வரவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும். இங்கே கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரம் சாய்ந்தாலும், மின்வாரியம் கம்பத்தை மாற்றினாலும், சாலையை அகலப்படுத்தினாலும் கேபிளுக்கு ஆபத்துதான். செம்பு என்று நினைத்து வெட்டுபவர்களும் உண்டு. கண்ணாடி இழையில் செம்பு கிடையாது, விற்றால் காசும் தேறாது. மூன்றாவது காரணம் மிகச் சாதாரணமானது: அறை பூட்டியே கிடக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது.

எது காரணம் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். என்று நின்றது, யாரிடம் சொன்னோம், புகார் எண், என்று சரியானது. ‘நெட் வருவதே இல்லை’ என்று பொதுவாகச் சொல்லும் மனுவைத் துறை ஒரே வரியில் மறுத்துவிடும். தேதிப் பட்டியலை அப்படி மறுக்க முடியாது.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும். அங்கே தீர்மானமாகப் பதிவு செய்து நகல் வாங்குங்கள். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். டான்ஃபிநெட் மாநில நிறுவனம், பிஎஸ்என்எல் மத்திய நிறுவனம். இரண்டையும் ஒரே மனுவில் கலக்க வேண்டாம். ‘ஏன் வேலை செய்யவில்லை’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். எங்கள் ஊராட்சிக்கு இணைப்பு தந்த தேதி, மாதவாரியாக இணைப்பு நின்ற நேரப் பதிவேடு, பராமரிப்பு ஒப்பந்ததாரர் யார், அவரிடம் பிடித்த அபராதம் எவ்வளவு என்று ஆவணமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

இந்தக் காகிதங்கள் கையில் இருந்தால் விசாரணைக் குழுக்களின் வாசலுக்குப் போகலாம். சாதாரண மக்களுக்கு மிக எளிதானது சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு. அது மாவட்டங்களுக்கே வந்து கூடும். வருவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பு வெளியிடும். அதில் சொல்லும் கடைசித் தேதிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மனு தமிழில், தேதியும் கையொப்பமும் இட்டு, வழக்கமாக ஐந்து நகல்களோடு இருக்க வேண்டும். ஒரே பிரச்சினை, ஒரே துறை. நீண்டநாளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, நீதிமன்றத்தில் உள்ள விவகாரம், பட்டா, வேலைவாய்ப்பு, வங்கிக் கடன் எல்லாம் எடுக்கமாட்டார்கள். மனுக்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். இணையத்தோடு சாலையையும் குடிநீரையும் சேர்த்து எழுதினால் மொத்த மனுவும் தள்ளுபடியாகும். ‘என் வீட்டுக்கு இணைப்பு இல்லை’ என்பது தனிநபர் குறை. ‘எங்கள் ஊராட்சிப் பள்ளிக்கும் சேவை மையத்துக்கும் இத்தனை மாதமாக இணைப்பு இல்லை’ என்பது பொதுப் பிரச்சினை.

மாவட்ட அளவில், நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் மத்திய அரசுத் திட்டங்களை ஆய்வு செய்யும் திஷா குழு இருக்கிறது. உங்கள் உறுப்பினர் வழியாக அங்கே கேள்வி எழுப்பலாம். ஏற்காட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மாவட்டம் சேலம் என்றாலும் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி வருவது கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில். சேலம் உறுப்பினருக்கு எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது. அதற்குச் சேவை நிறுவனத்தின் புகார் மையமும், பிறகு அதன் மேல்முறையீட்டு அதிகாரியும் இருக்கிறார்கள். ஆனால் டிராய் ஒரு கொள்கையை ஆராயும்போது கலந்தாய்வு அறிக்கையைத் தன் இணையதளத்தில் வெளியிடும். எந்தக் குடிமகனும் மின்னஞ்சலில் கருத்து அனுப்பலாம். அனுப்பிய கருத்து பெயரோடு வெளியாகும், அதனால் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் கடிதத்தின் உள்ளே எழுதாதீர்கள். அறிக்கையில் எண்ணிட்ட கேள்விகள் இருக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால்தான் தொகுப்பவர் கண்ணில் படும்.

நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு எழுதுவதென்றால், குழு கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுக்கும் நேரத்தில் மக்களவைச் செயலகத்துக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ மனு அனுப்ப வேண்டும். இங்கே முறை நேர்மாறு: அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடும், அதை நீங்கள் பத்திரிகைக்குக் கொடுக்கக் கூடாது. குழு அறிக்கை வைத்தபின் மூன்று மாதத்தில் அரசு பதில் தர வேண்டும். அந்தப் பதிலின் மேல் குழு இன்னோர் அறிக்கை வெளியிடும். எந்தப் பரிந்துரையை அரசு ஏற்றது, எதை ஏற்கவில்லை என்று அதில் பிரித்தே இருக்கும். அடுத்த மனுவை, ஏற்றுக்கொண்டும் உங்கள் ஊரில் நடக்காத பரிந்துரையின் எண்ணைச் சொல்லித் தொடங்குங்கள்.