ஆடிக் காற்றில் போட்ட தளம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டின் முன்னால் கார் நிறுத்தத் தளம் போட்டோம். ஆடி மாதம், வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லை, பயமில்லை என்று நினைத்துவிட்டேன். காலை 10 மணிக்குக் கொட்டிய கான்கிரீட்டை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஓரடி ஒன்றரையடி நீளத்துக்குச் சாய்வாக வரிவரியாய் விரிசல். கலவையில் குறை இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, கான்கிரீட்டிலிருந்து மேலே கசியும் நீரை அது கசிவதைவிட வேகமாக உறிஞ்சிவிட்டது. இறுகுவதற்கு முன்பே மேல்தோல் சுருங்கிக் கிழிந்துவிட்டது. மணியாஸ் கட்டையால் (தளம் தேய்க்கும் மரக்கட்டை) அழுத்தித் தட்டியதில் பாதி மூடியது. மீதி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகு ஆடியில் தளம் போட்டால், மட்டப்பலகை இழுத்த கையோடு பாலித்தீன் ஷீட்டை விரித்து ஓரங்களில் செங்கல் வைத்துவிடுகிறோம். தேய்க்கிற இடத்தை மட்டும் திறந்து, தேய்த்ததும் மூடிவிட வேண்டும். சித்திரை வெயிலிலும் இதேதான். முடிந்தால் மாலையில் ஆரம்பியுங்கள்.

அடுத்தது தேய்க்கும் நேரம். கொத்தனாருக்கு வேலையை முடித்துக் கிளம்பும் அவசரம் இருக்கும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கொட்டிய கொஞ்ச நேரத்தில் தளத்தின் மேல் நீர் கசிந்து மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு இருக்கும்போது கரண்டி பட்டால், அவ்வளவு நீரும் மேல்தோலுக்குள் போய்விடும். அப்புறம் பெருக்கப் பெருக்க மாவு மாதிரி தூசி வரும். நீரை இழுக்க வெறும் சிமெண்டைத் தூவுவது அதைவிட மோசம்: மேலே ஒரு மெல்லிய அப்பளம் உருவாகி, பின்னால் பெயர்ந்து வரும். வெயிலில் நடப்பது இதன் மறுபக்கம். மேல்பரப்பு இறுகிவிட்டது என்று கையால் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார்கள். பலன் ஒன்றுதான்.

மினுமினுப்பு மறைந்த பிறகு ஓரமாக ஏறி நின்று பாருங்கள். கால்தடம் கால் அங்குலம் பதிந்தால் தேய்க்கலாம். வேலூர் கோடையில் இது சீக்கிரம் வந்துவிடும். ஊட்டியில் மார்கழி என்றால் அரை நாள்கூட ஆகும். கடைசியாக ஈர்க்கு விளக்குமாற்றை ஒரே திசையில் இழுத்துவிடுங்கள். வெளித்தளத்தை வழவழப்பாக விட்டால் மழையில் வழுக்கும்.

ஐப்பசி மழை நடுவில் பிடித்துக்கொண்டால் மூடிவிட்டுக் காத்திருங்கள். மழை விட்டதும் தேங்கிய நீரை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் கட்டை போட வேண்டும். நன்றாக இறுகிய தளத்துக்கு மழை நல்லதே. அதற்காக ஒரு மழையை நம்பி இரண்டு நாள் தண்ணீர் விடாமல் இருந்துவிடக் கூடாது.

'காயட்டும்' என்று சொல்லும் வழக்கம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் நீரும் வினைபுரிந்து இறுகுகிறது. ஈரம் போனால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 விதிப்படி ஓ.பி.சி. எனும் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், நிலக்கரிச் சாம்பல் போன்றவை சேர்த்த பி.பி.சி. மாதிரிக் கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் வேண்டும். வறண்ட கோடையில் எந்தச் சிமெண்டாக இருந்தாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள்வரை நீட்டிக்கச் சொல்கிறது. மூட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் பி.பி.சி.யாகத்தான் இருக்கும்.

மொட்டைமாடி என்றால் பாத்தி கட்டி நீர் தேக்கலாம். சரிவான தளத்தில் நீர் நிற்காது, ஈரச் சாக்கு விரிப்பதுதான் வழி. உறைபனி விழும் மலைப்பகுதியில் இரவில் நீர் தேக்காதீர்கள். வைக்கோல் பரப்பி, மேலே ஷீட் போட்டு மூடுங்கள். வெயிலில் கிடந்த டியூபில் முதலில் வரும் சுடுதண்ணீரைச் செடிப்பக்கம் விட்டுவிட்டுப் பிறகு தளத்துக்குத் திருப்புங்கள்.

காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை தெளித்தால் இடையில் தளம் வெளுத்துவிடும். அதனால் மதியம் 2 மணிக்கு ஒருமுறை போய், நடுவில் இருக்கும் சாக்கைத் தூக்கி அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் ஈரம் ஒட்ட வேண்டும்.