துப்பாக்கியோடு வருவதற்கு முந்தைய வாரங்கள்

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச்சூடு நடந்த மறுநாள், அக்கம்பக்கத்தார் யாராவது தொலைக்காட்சியில் சொல்வார்கள்: "அமைதியான பையன். திடீரென்று இப்படிச் செய்வான் என்று நினைக்கவே இல்லை." சில மாதம் கழித்து விசாரணை அறிக்கை வரும். அதில் அந்தத் 'திடீரென்று' காணாமல் போயிருக்கும். போட்டுவைத்த திட்டம், நண்பனிடம் சொன்ன ஒரு பேச்சு, நோட்டில் எழுதியது, ஆசிரியர் ஒருவர் பார்த்துக் கவலைப்பட்டது எல்லாம் தேதிவாரியாக இருக்கும். தடுக்க முடிந்த காலம் அதுதான். பள்ளி வாசலில் வைக்கும் மெட்டல் டிடெக்டரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்த வாரங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பிறகு, அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீஸும் அமெரிக்கக் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களையும் அவற்றைச் செய்த 41 பேரையும் ஆராய்ந்தன. 2002இல் வந்த அந்த அறிக்கைதான் இன்றுவரை இந்தத் துறைக்கு அடிப்படை. 81 சதவீதத் தாக்குதல்களில், என்ன நடக்கப்போகிறது என்பது குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. 59 சதவீதத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர்களில் அநேகமாக எல்லோரும் நண்பர்கள், வகுப்புத் தோழர்கள், உடன்பிறந்தவர்கள். பெரியவர்களின் காதுக்கு அது அபூர்வமாகத்தான் எட்டியது.

யாரைத் தாக்கப் போகிறார்களோ அவரையே நேராக மிரட்டியவர்கள் மிகக் குறைவு. "மிரட்டல் எதுவும் வரவில்லையே, பிறகென்ன?" என்று பள்ளி சும்மா இருந்தால், கவனிக்க வேண்டியதைக் கோட்டைவிடுகிறது. தனிமை, வீடியோ கேம், கறுப்புச் சட்டை என்று அடையாளப் பட்டியல் போட்டுப் பிள்ளைகளைச் சலித்தெடுப்பதும் பயன்படாது. தாக்கியவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருந்தார்கள், தேர்வில் தோற்றவர்களும் இருந்தார்கள். நண்பர் கூட்டத்தோடு திரிந்தவர்களும் உண்டு. 'இப்படித்தான் இருப்பான்' என்று சொல்ல ஒரு வார்ப்பு கிடையாது. பொதுவாக இருந்தவை வேறு: 78 சதவீதம் பேர் முன்பே தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள், அல்லது அதைப் பற்றிப் பேசியோ நினைத்தோ இருந்தார்கள். பெரும்பாலோர் கேலிக்கோ அடிதடிக்கோ ஆளானதாக உணர்ந்தார்கள். தாக்கியவர்களில் 68 சதவீதம் பேருக்குத் துப்பாக்கி சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ கிடைத்தது. 2008 முதல் 2017 வரையிலான தாக்குதல்களை ஆராய்ந்த சீக்ரெட் சர்வீஸின் 2019 அறிக்கையில் இந்தக் கடைசி எண் 76 சதவீதம்.

இவை ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததை மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் பார்க்கலாம். 2021 நவம்பர் 26 அன்று தந்தை 15 வயது மகனுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்குகிறார். 29ஆம் தேதி வகுப்பில் அந்தப் பையன் கைப்பேசியில் தோட்டாக்களைத் தேடுவதை ஆசிரியர் பார்க்கிறார். பள்ளி தாய்க்குத் தகவல் விடுகிறது. 30ஆம் தேதி காலை அவனுடைய கணக்குத் தாளில் துப்பாக்கிப் படம், இரத்தம் வழியும் ஓர் உருவம், "இந்த எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள்" என்ற வரி. பெற்றோர் வரவழைக்கப்படுகிறார்கள். 48 மணி நேரத்துக்குள் மனநல உதவி ஏற்பாடு செய்யச் சொல்கிறார் பள்ளி ஆலோசகர். பெற்றோர் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. துப்பாக்கி வாங்கியதைச் சொல்லவும் இல்லை. புத்தகப்பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. சில மணி நேரத்தில் அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்துபோனார்கள். 2024இல் தாய், தந்தை இருவருக்கும் கவனக்குறைவால் விளைந்த மரணங்களுக்காக 10 முதல் 15 ஆண்டு சிறை.

பெற்றோரை அழைத்துப் பேசிய அந்த அறையில் கேட்கப்படாத கேள்வி ஒன்றே ஒன்று: "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இப்போது அது எங்கே?" தற்கொலை எண்ணமோ வன்முறை எண்ணமோ வெளிப்பட்ட பிள்ளையைப் பற்றிய எந்தக் கூட்டமும் இதைக் கேட்காமல் முடியக்கூடாது. பெற்றோர் போய்ப் பார்த்து, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று உறுதி சொல்லும்வரை பிள்ளை தனியே விடப்படக்கூடாது.

இதை ஒழுங்காகச் செய்ய ஒரு முறை உண்டு: அச்சுறுத்தல் மதிப்பீடு. 2007 ஏப்ரல் 16 அன்று வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். வகுப்பு நடத்திக்கொண்டிருந்த நீரியல் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன் அவர்களில் ஒருவர், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். சுட்ட மாணவனைப் பற்றிய கவலை முன்பே பேராசிரியர்கள், விடுதி, காவல்துறை, மனநல மையம் என்று தனித்தனியே பலரிடம் இருந்தது. ஒரே மேசையில் எல்லாம் சேரவில்லை. அதன்பின் வெர்ஜீனியா 2008இல் அரசுக் கல்லூரிகளுக்கும் 2013இல் அரசுப் பள்ளிகளுக்கும் மதிப்பீட்டுக் குழுவைச் சட்டமாக்கியது.

குழுவில் பள்ளி நிர்வாகி ஒருவர், உளவியலாளர் அல்லது ஆலோசகர், காவல் அதிகாரி ஆகியோர் இருப்பார்கள். தகவல் வந்ததும் சொன்னவர், கேட்டவர், சம்பந்தப்பட்ட மாணவன் எல்லோரிடமும் தனித்தனியே பேசி, சொல்லப்பட்ட வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்வார்கள். பிறகு பிரிக்கிறார்கள். கோபத்தில் வாய்தவறி வந்து, விளக்கம் கேட்டதும் வருந்தி மன்னிப்புக் கேட்கிற பேச்சு ஒரு வகை. மிரட்டல்களில் பெரும்பங்கு இதுதான், அங்கேயே தீர்த்துவிடலாம். நாள், இடம், ஆள் குறிப்பிட்டது, ஆயுதம் தேடியது, கூட்டாளி சேர்த்தது, பேச்சிலிருந்து பின்வாங்காதது இவை இருந்தால் அடுத்த வகை. அப்போது குறிவைக்கப்பட்டவருக்கும் அவர் பெற்றோருக்கும் தகவல், காவல்துறை விசாரணை, மனநலப் பரிசோதனை, எழுத்து வடிவில் பாதுகாப்புத் திட்டம் எல்லாம் வேண்டும். அந்தத் திட்டத்தில் யார், எந்த நாளில், எதைப் பார்க்க வேண்டும் என்று பெயரோடு இருக்க வேண்டும்.

பள்ளிகள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: பிள்ளையை நீக்கிவிட்டால் பிரச்சினை போய்விட்டதாக நினைக்கிறார்கள். 2018இல் 17 பேர் இறந்த ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியைத் தாக்கியவன், ஏற்கெனவே அங்கிருந்து வெளியே அனுப்பப்பட்ட மாணவன். அவனைப் பற்றி எஃப்பிஐக்கு ஜனவரியில் வந்த தொலைபேசித் தகவல் மயாமி அலுவலகத்துக்குப் போகவே இல்லை. நீக்கினால் கோபமும் அவமானமும் கூடுகிறது, தினமும் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இல்லாமல் போகின்றன. தண்டனை தேவைப்பட்டால் கொடுக்கட்டும். ஆனால் வாரம் ஒருமுறையாவது பேசுகிற ஒரு பெரியவரை அதோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இனி வீடு. அலமாரியின் மேல்தட்டில், மெத்தைக்கு அடியில் மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது; பிள்ளைகளுக்கு இடம் தெரியாது என்று நம்பும் பெற்றோரில் பலருடைய பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கிறது. தோட்டாவை நீக்கிய துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டாக்கள் வேறொரு பூட்டில் இருக்க வேண்டும். சாவி சட்டைப்பையிலோ இடுப்பிலோ இருக்கட்டும், மேசை இழுப்பறையில் அல்ல. எண் பூட்டென்றால் பிறந்தநாள், வீட்டு எண் வேண்டாம். குழாய்க்குள்ளோ தோட்டா ஏறும் வாய்க்குள்ளோ கோத்துப் பூட்டும் கேபிள் பூட்டைப் பல காவல் நிலையங்கள் இலவசமாகவே தருகின்றன. சிறு குழந்தைக்கு அது போதும். கம்பி வெட்டத் தெரிந்த 15 வயதுப் பையனுக்கு இரும்புப் பெட்டகம்தான். பிள்ளை மனம் உடைந்திருக்கும் நாட்களில் பெட்டகமும் வேண்டாம்: துப்பாக்கி வீட்டைவிட்டே போகட்டும். உறவினரிடமோ, துப்பாக்கிக் கடையிலோ, காவல் நிலையத்திலோ தற்காலிகமாக ஒப்படைக்க வழி உண்டா என்று மாநிலச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில் துப்பாக்கி இல்லை என்று அமெரிக்காவிலுள்ள தமிழ்ப் பெற்றோர் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பிள்ளை விளையாடப் போகும் வீட்டில்? அலர்ஜி, நாய், நீச்சல்குளம் பற்றிக் கேட்கும்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்: "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால், பூட்டி வைத்திருக்கிறீர்களா?" கூச்சம் முதல் முறை மட்டும்தான். பொறுப்பாக வைத்திருப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிள்ளைகள் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் பயம்: மாட்டிவிட்டவன் என்ற பெயர் வரும், நண்பனுக்குச் சிறை கிடைக்கும், சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை. வீட்டில் பெற்றோர் 'நமக்கெதற்கு வம்பு' என்று சொல்லியே பழக்கியிருந்தால் கதவு முழுதாக மூடிவிடுகிறது. கொலராடோவின் சேஃப்டூடெல், சாண்டி ஹூக் பிராமிஸ் அமைப்பின் சே சம்திங் போன்ற பெயர் சொல்லாமலே தகவல் தரும் வழிகள் இதற்காகவே வந்தன. உங்கள் பள்ளியில் எது இருக்கிறது என்று கேட்டு, அந்தச் செயலியையோ எண்ணையோ பிள்ளையின் கைப்பேசியில் போட்டு வையுங்கள். நண்பன் சாகப் போவதாகச் சொன்னால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

கட்டடத்தைப் பொறுத்தவரை முதலிடம் கதவுக்குத்தான்: வகுப்பறைக் கதவு உள்ளிருந்தே பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வெளியே வந்து சாவி போட வேண்டிய பூட்டு, ஆசிரியரையே குறியாக்கும். 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்த டெக்சாஸின் யுவால்டி பள்ளியில், 111ஆம் அறையின் கதவு சரியாகப் பூட்டாது என்பது பலருக்கும் தெரிந்தே இருந்தது. பழுதுபார்க்க எழுத்து வழிக் கோரிக்கை போகவில்லை. காவல்துறையினர் வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. ஒத்திகை தேவைதான். ஆனால் முன்கூட்டிச் சொல்லி, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சத்தமில்லாமல் மறைவாக உட்காருவதோடு அது முடியட்டும். போலித் துப்பாக்கிச் சத்தமும் செயற்கை இரத்தமும் பிள்ளைகளுக்குத் தருவது பயத்தை மட்டுமே.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கை, காலில் பாயும் இரத்தம் உயிரைக் குடித்துவிடும். டூர்னிக்கெட் என்ற இறுக்குப் பட்டையைக் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே கட்டுங்கள், மூட்டின்மேல் கட்டாதீர்கள். இரத்தம் நிற்கும்வரை முறுக்கி, நேரத்தைக் குறித்துவிடுங்கள். வலியில் கத்தினாலும் தளர்த்தக்கூடாது. தோள்பட்டை, இடுப்பு மடிப்புக் காயத்தில் துணியைத் திணித்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டாப் த பிளீட் பயிற்சி இதை நேரில் கற்றுக்கொடுக்கிறது.

மிரட்டல் பதிவு கண்ணில் பட்டால், கணக்கின் பெயரும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பள்ளிக்கும் காவல்துறைக்கும் மட்டும் கொடுங்கள். ஆபத்து உடனடி என்றால் 911. வாட்ஸ்அப் பெற்றோர் குழுவில் போடாதீர்கள்: பகிரப் பகிர, முதலில் எழுதியவரைத் தேடுவது கடினமாகிறது, அதே பெயருள்ள வேறொரு ஊர்ப் பள்ளியும் அன்று காலியாகிறது.