மினசோட்டா டவுன்ஷிப்: வரித்தொகையை ஊரே கூடி முடிவு செய்யும் மார்ச் கூட்டம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தெற்குப் பகுதி வயல்வெளிகளுக்கு நடுவில் காரில் போனால், பல இடங்களில் மைலுக்கு ஒன்றாகக் குறுக்குச் சாலை வரும். இதற்குக் காரணம் 1785-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த நில அளவைச் சட்டம். பக்கத்துக்கு 6 மைல் நீளமுள்ள சதுரமாக நிலத்தை வெட்டி, ஒவ்வொன்றையும் 36 செக்‌ஷன்களாகப் பிரித்தார்கள். ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். மினசோட்டாவில் 16, 36 எண்ணுள்ள செக்‌ஷன்கள் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. பூமி உருண்டை என்பதால் கட்டம் கச்சிதமாகப் பொருந்தாது. அந்தக் கூடுதல் குறைச்சலை வடக்கு, மேற்கு ஓரத்துச் செக்‌ஷன்களில் தள்ளிவிட்டார்கள்.

அந்தச் சதுரங்கள் பலவும் பிறகு டவுன்ஷிப் எனப்படும் தனித்தனி உள்ளாட்சிகளாயின. இன்று மாநிலத்தில் ஏறத்தாழ 1,780 டவுன்ஷிப்புகள் உள்ளன. இவற்றில் குடியிருக்கும் பலருக்கே தாங்கள் டவுன்ஷிப்பில் இருப்பது தெரிவதில்லை, ஏனென்றால் தபால் முகவரியில் பக்கத்து நகரத்தின் பெயர்தான் இருக்கும். சொத்து வரிச் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வழக்கமாக மூன்று சூப்பர்வைசர்கள் (நிர்வாகக் குழு உறுப்பினர்கள்), ஒரு கிளார்க், ஒரு பொருளாளர், அவ்வளவுதான் நிர்வாகம். சில இடங்களில் சூப்பர்வைசர்கள் ஐந்து பேர். காவலும் வரி வசூலும் பெரும்பாலும் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பெரிய நிர்வாகப் பிரிவின்) பொறுப்பு. டவுன்ஷிப்பின் பெரிய செலவு சாலைதான்: சரளை கொட்டுவது, மட்டம் செய்வது, பனி வாருவது. கட்டத்தின் கோடுகளை ஒட்டியே பல சாலைகள் போடப்பட்டன. அந்த வழியில் இன்று இரண்டே வீடு இருந்தாலும் சாலையைப் பராமரித்தாக வேண்டும்.

அதற்கான பணம் எவ்வளவு என்பதைச் சூப்பர்வைசர்கள் தாங்களாக முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு மார்ச் மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஆண்டுக் கூட்டம் நடக்கும். கிளார்க் கூட்டத்தைத் தொடங்கிவைப்பார், வந்தவர்கள் தங்களுக்குள் ஒருவரை நடத்துநராகத் தேர்ந்தெடுப்பார்கள். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும். அப்புறம் அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு சொத்து வரி விதிப்பது என்று வாக்கெடுப்பு. கூட்டம் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் நிர்வாகம் வரி விதிக்கக் கூடாது. பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் முறையல்ல இது. மக்கள் கையில் நேரடியாக இருக்கும் அதிகாரம், உண்மையிலேயே அருமையான ஒன்று. ஆனால் இருபது பேர் வந்தால் அந்த இருபது பேர் சொல்வதுதான் முடிவு. வராதவர் பிறகு சாலையைப் பற்றியோ வரியைப் பற்றியோ வருத்தப்பட்டுப் பயனில்லை. அதனால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அவசியம் போங்கள்.

அந்த டவுன்ஷிப்பில் குடியிருந்து, வாக்குரிமையும் உள்ளவர்களே வாக்களிக்கலாம். அங்கே நிலம் மட்டும் வைத்துக்கொண்டு வேறு ஊரில் இருப்பவருக்கு வாக்கு கிடையாது. கூட்டத்துக்குப் பத்து நாளாவது முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். கடும்பனி என்றால் மூன்றாம் செவ்வாய்க்குத் தள்ளிப்போகும்.

நிலம் வாங்குபவர்கள் வண்டிப்பாதை உரிமையையும் தெரிந்துகொள்வது நல்லது. குறைந்தது 5 ஏக்கர் நிலம், ஆனால் அடுத்தவர் நிலத்தைத் தாண்டாமல் உள்ளே போக வழியில்லை என்றால், உரிமையாளர் நிர்வாகத்திடம் மனுக் கொடுக்கலாம். பொதுச் சாலையோடு இணைக்கும் பாதைக்கான வழியை, குறைந்தது 33 அடி அகலத்தில், நிர்வாகம் ஒதுக்கித் தந்தாக வேண்டும். யார் நிலத்தில் பாதை போகிறதோ அவருக்கான இழப்பீட்டை மனுதாரர் முன்கூட்டியே கட்ட வேண்டும். எல்லை வேலித் தகராறுகளைப் பார்ப்பதும், தடைசெய்யப்பட்ட களைகளைக் கண்காணிப்பதும் அதே சூப்பர்வைசர்கள்தான்.

ஒரு விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். மார்ச் கூட்டத்தில் பேசுவது மொத்த வரித்தொகையைப் பற்றி. உங்கள் நிலத்தின் மதிப்பை அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்ற குறையை அங்கே சொல்லிப் பலனில்லை. அதற்கு ஏப்ரல், மே மாதங்களில் தனி மேல்முறையீட்டுக் கூட்டம் உண்டு. நாளும் இடமும் மதிப்பீட்டு அறிவிப்பிலேயே இருக்கும். நேரில் போகலாம், கடிதமும் எழுதலாம். இந்தப் படியைத் தவறவிட்டுவிட்டு நேராகக் கவுண்டியின் மேல்முறையீட்டுக் குழுவிடம் போனால் பொதுவாக ஏற்கமாட்டார்கள்.